வலி நின்ற பிறகும் படம் வேண்டும்

(பசறை, லுணுகலை, மடுல்சீமைப் பக்கத் தோட்டங்களிலிருந்து ஆரையம்பதிக்கு வந்திருந்த குடும்பங்களுடனான சுகாதார ஒன்றுகூடலில் நாங்கள் நிகழ்த்திய பேச்சு. வர முடியாதவர்களும் வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டபடியால் எழுத்தில் தருகிறோம்.)



பதுளையிலிருந்து செங்கலடி வரைக்கும் அந்த நீண்ட பாதையில் பஸ்ஸில் குலுங்கி, பிறகு மட்டக்களப்பு, கல்லடிப் பாலம், காத்தான்குடி எல்லாம் தாண்டி எங்கட ஊருக்கு வந்து சேர்ந்திருக்கிறீர்கள். இடுப்பு நல்லாக இருக்கிறவர்களுக்கே அது லேசான பயணம் இல்லை. ஆகவே முதலில் ஒரு வேண்டுகோள். இடுப்பில் சத்திரசிகிச்சை செய்தவர்கள் யாரும் பாயில் உட்கார வேண்டாம். பின்னால் உயரமான கதிரைகள் போட்டிருக்கிறோம். வெட்கப்படாமல் அதில் வந்து உட்காருங்கள். கால் மேல் கால் போடவும் வேண்டாம்.

நாங்கள் இந்த ஊரைச் சேர்ந்தவர்கள். சிலர் தாதிமாராக வேலை செய்து ஓய்வு பெற்றவர்கள், சிலர் இயன்மருத்துவப் பகுதியில் நோயாளிகளை எழுப்பி நடக்க வைத்தவர்கள். டாக்டர்மார் இல்லை. ஆனால் சத்திரசிகிச்சை முடிந்து டாக்டர் போன பிறகு, வாட்டிலும் வீட்டிலும் என்ன நடக்கிறது என்பதைக் கனகாலம் பார்த்தவர்கள். இன்றைக்கு நாங்கள் பேச வந்தது, இடுப்புப் பந்து மாற்றினவர்களுக்கு, மாற்றின இடத்தைச் சுற்றியுள்ள சொந்த எலும்புக்குப் பிறகு என்ன நடக்கிறது என்பதைப் பற்றித்தான். போட்ட இரும்பைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். அதைத் தாங்கிப் பிடிக்கிற எலும்பைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை.

எங்களுக்கு ஒரு அம்மாவைத் தெரியும். பெயர் வேண்டாம். உங்கள் பக்கத்துத் தோட்டமொன்றில் முப்பது வருசத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர். மகளை எங்கட ஊரில் கட்டிக் கொடுத்தபடியால், வயசான காலத்தில் இங்கே வந்து சேர்ந்தார். 2008-ல் அவருக்கு ஒரு பக்க இடுப்பு மூட்டை மாற்றினார்கள். நல்ல சத்திரசிகிச்சை, அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. முதல் ஒரு வருசம் கிளினிக் போனார். அதற்குப் பிறகு போகவில்லை. ஏன் அம்மா என்று கேட்டோம். அவர் சொன்னார்: "வலியே இல்ல புள்ள. வலி இல்லாம எதுக்குப் போறது? நான் போனா மவனும் கூட வரணும். அவனுக்கு ஒரு நாள் பேரு போயிரும்ல."

அந்தப் பதிலில் பிழை பிடிக்க எங்களுக்கு மனசு வரவில்லை. ஒரு நாள் பேர் போவது என்றால் என்ன என்பது எங்களை விட உங்களுக்குத்தான் தெரியும். ஆனாலும் அந்த அம்மாவுக்கு என்ன நடந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். அதற்கு முன்னால் மூட்டு எப்படி இருக்கிறது என்பதைக் கொஞ்சம் விளங்கிக்கொள்வோம்.

ஒரு சிரட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் ஒரு பந்தை வைத்துச் சுழற்றுங்கள். இடுப்பு மூட்டு அவ்வளவுதான். தொடை எலும்பின் மேல் நுனி பந்து, இடுப்பெலும்பில் உள்ள குழி சிரட்டை. மூட்டு தேய்ந்து போனால், பந்தை வெட்டி எடுத்துவிட்டுத் தொடை எலும்புக்குள் ஒரு தண்டும் அதன் மேல் ஒரு உருண்டையும் வைக்கிறார்கள். குழியைச் சுரண்டிச் சுத்தமாக்கி அதற்குள் ஒரு கிண்ணத்தைப் பொருத்துகிறார்கள். சில கிண்ணங்கள் சீமெந்து போன்ற ஒரு பசையால் ஒட்டப்படும். மற்றவை வெளிப்புறம் சொரசொரப்பான உலோகம். அவற்றை இறுக்கமாக அடித்துப் பொருத்திவிட்டால், எலும்பு வளர்ந்து அந்தச் சொரசொரப்புக்குள் புகுந்து தானே பிடித்துக்கொள்ளும்.

இந்த இடத்தில் ஒரு விசயம். வழுக்கி விழுந்து தொடை எலும்பின் கழுத்து முறிந்த வயசானவர்கள் பலருக்குப் பந்தை மட்டும்தான் மாற்றுகிறார்கள். ஆஸ்டின் மூர் என்று துண்டில் எழுதியிருக்கும், அல்லது பைபோலார் என்று இருக்கும். அவர்களுக்குக் கிண்ணம் இல்லை, குழி அவர்களுடைய சொந்தக் குழிதான். நாங்கள் இனிச் சொல்லப்போகிற கதை முழு மூட்டும் மாற்றினவர்களுக்கு உரியது. உங்களுக்குச் செய்தது பாதியா முழுசா என்று தெரியாவிட்டால் கிளினிக்கில் கேளுங்கள். கேட்டால் யாரும் கோபிக்க மாட்டார்கள்.

இப்போது எலும்புக்கு வருவோம். பாண் ஒன்றை வெட்டிப் பார்த்தால் வெளியே கெட்டியான கருகல் தோல், உள்ளே பஞ்சு போல. எலும்பும் அப்படித்தான். வெளியே கெட்டி எலும்பு, உள்ளே பஞ்சு எலும்பு. நாம் எலும்பைக் கல் என்று நினைக்கிறோம். அது கல் இல்லை, உயிருள்ள பொருள். ஒரு பக்கம் கரைந்துகொண்டும் மறுபக்கம் கட்டிக்கொண்டும் இருக்கும். எங்கே பாரம் விழுகிறதோ அங்கே உடம்பு எலும்பைக் கெட்டியாக்கும். எங்கே பாரம் இல்லையோ அங்கே, இது எதற்கு வீணாக என்று கரைத்துவிடும். இதை யூலியஸ் வூல்ஃப் என்ற ஜெர்மன் வைத்தியர் 1892-ல் புத்தகமாகவே எழுதி வைத்தார். விண்வெளிக்குப் போகிறவர்களைப் பாருங்கள். நல்ல திடகாத்திரமான ஆட்கள். அங்கே உடம்புக்குப் பாரமே கிடையாது. அதனால் மாதத்துக்கு ஏறத்தாழ 1 வீதம் இடுப்பெலும்பு குறைந்துபோகிறது. வாட்டில் கிடந்த கிடையாகக் கிடக்கிறவர்களுக்கும் இதே கதைதான். சத்திரசிகிச்சைக்கு அடுத்த நாளே எழும்பு எழும்பு என்று மிஸ்மார் கரைச்சல் கொடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

உலோகக் கிண்ணம் எலும்பை விட எத்தனையோ மடங்கு விறைப்பானது. உங்கள் உடம்புப் பாரம் முன்பு குழி முழுவதற்கும் பரவி விழுந்தது. இப்போது அந்தப் பாரத்தில் பெரும் பங்கைக் கிண்ணம் வாங்கி, அதன் விளிம்பு வழியாகச் சுற்றியுள்ள கெட்டி எலும்புக்குக் கொடுத்துவிடுகிறது. கிண்ணத்துக்கு நேர் பின்னால் நடுவில் இருக்கிற பஞ்சு எலும்புக்கு வேலை குறைந்துவிடுகிறது. வேலை இல்லாத எலும்பை உடம்பு என்ன செய்யும் என்று இப்போதுதானே சொன்னோம். ஆய்வுகளில், அந்த நடுப்பகுதிப் பஞ்சு எலும்பின் அடர்த்தி முதல் ஒன்றிரண்டு வருசத்துக்குள் ஐந்தில் ஒரு பங்கும், சிலரில் அதற்கு மேலும் குறைந்திருப்பதைக் கண்டிருக்கிறார்கள். மேல் பக்கத்துக் கெட்டி எலும்பு அவ்வளவாகக் குறைவதில்லை.

இதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். முதல் ஒரு வருசத்தில் நடக்கிற இந்தக் குறைவு ஏறக்குறைய எல்லோருக்கும் நடப்பது. பெரும்பாலும் ஒரு மட்டத்தில் நின்றுவிடும். அதனால் மட்டும் கிண்ணம் கழன்றுவிடாது. பயப்பட வேண்டியது வேறொன்று. அது பிந்தி வருகிறது, சத்தமில்லாமல் வருகிறது.

தோட்டத்தில் பாதையோரத்துக் கல்கட்டுகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். முன்னால் இருந்து பார்த்தால் கட்டு நேராக, அழகாக இருக்கும். ஆனால் கான் அடைபட்டு, கட்டுக்குப் பின்னால் தண்ணீர் இறங்கி, மண் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போயிருக்கும். ஒரு மழை நாளில் கட்டு மொத்தமாக உட்காரும். அன்றைக்குத்தான் எல்லோரும், நேற்று வரைக்கும் நல்லாத்தானே இருந்தது என்பார்கள். கிண்ணத்துக்குப் பின்னால் எலும்பு கரைவதும் அதே மாதிரித்தான். மண் போகும்போது கல்லுக்கு வலிப்பதில்லை.

எதனால் கரைகிறது? இந்த மூட்டை நல்ல முறையில் உருவாக்கியவர் ஜோன் சார்ன்லி என்ற ஆங்கிலேயச் சத்திரசிகிச்சை நிபுணர். இங்கிலாந்தில் ரைட்டிங்டன் என்ற ஆஸ்பத்திரியில் வேலை செய்தார். அவர் முதலில் கிண்ணத்தை டெஃப்லோனில் செய்தார். இன்றைக்கு ஒட்டாத தாச்சிகளில் பூசுகிறார்களே, அதே சாமான். நல்ல வழுவழுப்பு. நோயாளிகள் சந்தோசமாக நடந்தார்கள். இரண்டு மூன்று வருசத்தில் கிண்ணங்கள் தேய்ந்து, அந்தத் தேய்மானத் தூள் சுற்றியுள்ள சதையையும் எலும்பையும் கெடுத்துவிட்டது. ஏறத்தாழ முந்நூறு பேருக்கு அப்படிப் போட்டிருந்தார். எல்லாவற்றையும் திரும்பக் கழற்ற வேண்டிய நிலை. அந்த மனுசன் என்ன செய்தார் தெரியுமா? டெஃப்லோன் தூளையும், புதிதாகக் கிடைத்த பொலித்தீன் வகை ஒன்றின் தூளையும் தன்னுடைய தொடையிலேயே ஊசியால் ஏற்றிப் பார்த்தார். மாதங்கள் போன பின்னும் டெஃப்லோன் ஏற்றின இடம் கட்டியாக நின்றது. மற்றது அவ்வளவு தொந்தரவு கொடுக்கவில்லை. அந்தக் கெட்டிப் பொலித்தீனால் செய்த கிண்ணத்தை 1962 நவம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு வைத்தார். இன்றைக்கு உலகம் முழுவதும் செய்கிற சத்திரசிகிச்சைக்கு அதுதான் அடி. பெரியவர்கள் தங்கள் பிழையை ஒத்துக்கொண்டு திருத்துவது அபூர்வம். அதனால்தான் இவ்வளவு நேரம் அவரைப் பற்றிச் சொன்னோம்.

ஆனால் அந்தப் பொலித்தீனும் தேயத்தான் செய்தது, மெதுவாக. கண்ணுக்குத் தெரியாத தூள் கிண்ணத்துக்குப் பின்னால் போய்ச் சேரும். உடம்பில் உள்ள துப்புரவு செய்கிற அணுக்கள் அதைத் தின்னப் பார்த்து, தின்ன முடியாமல், பக்கத்தில் உள்ள எலும்பைக் கரைக்கும்படி தூண்டிவிடும். எலும்பில் ஓட்டை ஓட்டையாக விழும். 1990-களின் கடைசியிலிருந்து தேய்மானம் மிகவும் குறைந்த புதிய வகைப் பொலித்தீன் வந்திருக்கிறது. ஆகவே அதற்குப் பிறகு அந்த வகை வைத்தவர்களுக்கு இந்தப் பயம் குறைவு. ஆனால் தனக்கு வைத்தது எந்த வகை என்று யாருக்குத் தெரியும்? சத்திரசிகிச்சைக்குப் பிறகு கொடுத்த துண்டில் சில நேரம் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதில் இருக்கிறது. அந்தத் துண்டைத் தொலைக்காதீர்கள்.

இனி அந்த அம்மாவின் கதைக்கு வருவோம்.

2021-ல் அவருக்குக் கவட்டுப் பக்கம் ஒரு நோவு வந்தது. உட்கார்ந்து எழும்பினால் முதல் நாலு எட்டு நோகும், பிறகு சரியாகும். வாய்வு என்று தைலம் பூசினார்கள். பிறகு அந்தக் கால் கட்டையானது போல நொண்டத் தொடங்கினார். படம் எடுத்துப் பார்த்தபோது கிண்ணம் மேலே ஏறி உள்ளே போயிருந்தது. பின்னால் எலும்பில் பெரிய பள்ளம். டாக்டர் முதல் கேட்டது, பழைய படம் எங்கே என்றுதான். இது பத்து வருசமாக இப்படியே இருக்கிறதா, இல்லை போன ஆறு மாதத்தில் இறங்கினதா என்று பழைய படத்தோடு ஒப்பிட்டால்தான் தெரியும். அதைப் பொறுத்துத்தான் அவசரமா இல்லையா என்று முடிவு எடுக்கலாம்.

பழைய படம் இருந்ததுதான். மகள் பத்திரமாகக் கொண்டு வந்து வைத்திருந்தா. 2019 டிசம்பர் 26 அன்று சூரிய கிரகணம் வந்ததல்லவா, அன்றைக்கு வீட்டுப் பிள்ளைகளும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் அதைத் துண்டு துண்டாக வெட்டிச் சூரியனைப் பார்த்துவிட்டார்கள். (எக்ஸ்-ரே படத்தால் கிரகணம் பார்ப்பது கண்ணுக்கும் பாதுகாப்பு இல்லை. இதையும் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.)

அதனால் என்ன ஆனது? மூன்று மாதம் பொறுத்து இன்னொரு படம் எடுத்துப் பார்க்க வேண்டி வந்தது. அந்த மூன்று மாதத்திலும் கிண்ணம் இன்னும் நகர்ந்திருந்தது. பிறகு இரண்டாவது சத்திரசிகிச்சை. பழைய கிண்ணத்தை எடுத்து, பள்ளத்தில் எலும்புத் துண்டுகளை நிரப்பி, பெரிய கிண்ணம் வைத்தார்கள். முதல் தடவையை விட நேரமும் கூட, இரத்தமும் கூட, ஆஸ்பத்திரியில் கிடந்த நாளும் கூட. உயிர் தப்பினார், நடக்கிறார், நாலு கால் பொல்லோடு. வாசல் படியில் ஏற ஒருவர் பிடிக்க வேண்டும். ஐந்து வருசத்துக்கு முன்னால் ஒரு படம் எடுத்திருந்தால் பள்ளம் சின்னதாக இருக்கும்போதே பிடித்திருக்கலாம் என்று சொன்னார்கள். அந்த அம்மா அதைக் கேட்டு ஒன்றும் பேசவில்லை. மகள்தான் அழுதா.

படம் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், சாதாரண எக்ஸ்-ரேயில் எலும்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். சின்னக் குறைவை அளக்க டெக்ஸா என்று ஒரு கருவி இருக்கிறது. அது எல்லா ஊரிலும் கிடையாது. ஆகவே நமக்குக் கைவசம் உள்ள ஆயுதம், பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான். சார்ன்லியும் டிலீ என்ற இன்னொரு வைத்தியரும் 1976-ல் கிண்ணத்தைச் சுற்றியுள்ள இடத்தை மேல், நடு, கீழ் என்று மூன்று பகுதியாகப் பிரித்து எழுதினார்கள். இன்றைக்கும் டாக்டர்மார் படத்தைப் பிடித்து அந்த மூன்று இடத்தையும்தான் பார்க்கிறார்கள்.

லயத்துக் காம்பராவில் படம் வைப்பது சிரமம் என்பது தெரியும். ஈரம், கூரை ஒழுக்கு, அடுப்புப் புகை. படத்தில் பூஞ்சணம் பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிப்போகும். ஆகவே படத்தைச் சுருட்ட வேண்டாம், மடிக்க வேண்டாம். தட்டையாகப் பொலித்தீன் உறைக்குள் போட்டு, இரண்டு மட்டைக்கு நடுவில் வைத்து, அடுப்புக்குத் தூரமான சுவரில் உயரத்தில் தொங்கவிடுங்கள். முதல் படம், அதாவது சத்திரசிகிச்சை முடிந்த உடனே எடுத்தது, அதுதான் தங்கம். இப்போது சில இடங்களில் படம் தராமல் சீடியில் தருகிறார்கள், அல்லது கம்பியூட்டரிலேயே வைத்துக்கொள்கிறார்கள். அப்படியானால் கிளினிக் கொப்பியில் திகதியையும் இடத்தையும் எழுதி வாங்குங்கள். வீட்டில் பிள்ளையின் போனில் ஒரு போட்டோவும் எடுத்து வைக்கலாம், ஒன்றும் இல்லாததற்கு அது மேல்.

எப்போது போவது? டாக்டர் தருகிற தவணைதான் கணக்கு. பெரும்பாலும் ஆறு கிழமையில் ஒரு தடவை, ஒரு வருசத்தில் ஒரு தடவை, பிறகு சில வருசத்துக்கு ஒரு தடவை வரச் சொல்வார்கள். பத்து வருசம் தாண்டினவர்கள்தான் கட்டாயம் போக வேண்டியவர்கள், அவர்கள்தான் போகாமல் விடுகிறவர்களும். மூன்று வருசத்துக்கு ஒரு பேர் போனால் போகட்டும் என்று அம்மாமார் மகன்மாருக்குச் சொல்லுங்கள். மகன்மாரே, நீங்கள் அம்மா சொல்லும் வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.

தவணைக்கு முன்பே ஓட வேண்டிய நேரமும் உண்டு. கவட்டில் புதிதாக நோவு, எழும்பி முதல் எட்டு வைக்கும்போது நோவு, கால் கட்டையானது போல இருப்பது, மாற்றின பக்கம் வீக்கமும் காய்ச்சலும். கடைசியாகச் சொன்னது கிருமி பிடித்ததாகவும் இருக்கலாம். அதற்குத் தவணை பார்க்கக் கூடாது, அன்றைக்கே போக வேண்டும்.

எலும்பைக் காப்பாற்ற வீட்டில் என்ன செய்யலாம் என்றும் கேட்டீர்கள். நடக்க வேண்டும். டாக்டர் பாரம் கொடுக்கலாம் என்று சொன்ன பிறகு மூலையில் உட்கார்ந்திருந்தால் மிச்ச எலும்பும் போகும். பொல்லு பிடிக்கிறவர்களில் பாதிப் பேர் பிழையான கையில் பிடிக்கிறார்கள். வலது இடுப்பு மாற்றினால் இடது கையில் பிடிக்க வேண்டும். ஒற்றைக் காலில் நிற்கும்போது அந்த மூட்டில் உடம்புப் பாரத்தைப் போல இரண்டரை, மூன்று மடங்கு விழுகிறது. எதிர்க் கையில் உள்ள பொல்லு அதைக் குறைக்கும். குந்தியிருக்கிற கக்கூசு வேண்டாம். கதிரையின் நடுவை வெட்டியாவது உயரமாகச் செய்து கொடுங்கள். மழைக்காலத்தில் லயத்துப் படியில் பாசியைச் சுரண்டி விடுங்கள். விழுந்தால் கிண்ணத்தைச் சுற்றி எலும்பு வெடிக்கும், அது பெரிய வினை.

சாப்பாட்டுக்கு எங்கட ஊர்க்காரர் ஒரு ஆலோசனை சொல்லலாம். வாவியில் பிடிக்கிற சின்ன மீனை முள்ளோடும், கூனி இறாலை அப்படியேயும் நாங்கள் தின்கிறோம். உங்களுக்கு நெத்தலிக் கருவாடு கடையில் கிடைக்கிறது. தலையைக் கிள்ளி எறிந்தாலும் முள்ளை எறிய வேண்டாம், சுண்ணாம்புச் சத்து அதில்தான். குரக்கன், எள்ளு, முருங்கையிலை, கிடைத்தால் பால். ரொட்டியும் வெறும் தேத்தண்ணியும் எலும்புக்குக் காணாது. வயசானவர்கள் காம்பராவுக்குள்ளேயே முடங்காமல் வெயில் வந்தால் வாசலுக்கு வர வேண்டும். புகை பிடிக்கிறவர்கள் விட வேண்டும். இழுப்புக்குப் பிரட்னிசலோன் வில்லையைக் கனகாலம் குடிக்கிறவர்கள் அதைக் கிளினிக்கில் சொல்ல வேண்டும், அது எலும்பைக் குறைக்கும். தாங்களாகவே நிறுத்தவும் கூடாது.

சிலருக்கு எலும்பு கரைவதைத் தடுக்க அலெண்ட்ரோனேட் என்ற வில்லை கிழமைக்கு ஒன்று எழுதுகிறார்கள். இதை விடிய வெறும் வயிற்றில், ஒரு கிளாஸ் வெறும் தண்ணீரோடு விழுங்க வேண்டும். தேத்தண்ணியோடு விழுங்கினால் மருந்து சரியாகச் சேராது. விழுங்கின பிறகு அரை மணித்தியாலம் படுக்கவும் கூடாது, ஒன்றும் குடிக்கவும் கூடாது. தேயிலை விளைகிற மலையில் விடியத் தேத்தண்ணி இல்லாமல் அரை மணித்தியாலம் இருப்பது பெரிய தவம்தான். கிழமைக்கு ஒரு நாள் மட்டும்.

வயசாகிவிட்டது, இனி எதற்கு என்று ஒரு ஐயா பின்னால் இருந்து கேட்கிறார். இங்கிலாந்து மகாராணி எலிசபெத்தின் தாயாருக்கு 1995-ல் இடுப்பு மாற்றினார்கள், அப்போது வயசு 95. 1998-ல் விழுந்து மற்ற இடுப்பும் போனது, அதற்கும் செய்தார்கள். 2002-ல் கண் மூடும்போது வயசு 101. மகாராணியின் தாயாருக்கு மட்டும்தானா கவனம் என்று நீங்கள் கேட்கலாம், நியாயமான கேள்விதான். ஆனால் மலையிலானாலும் மாளிகையிலானாலும் எலும்பு ஒரே மாதிரித்தான் நடக்கும்.

பேச்சு போதும். படம் கொண்டு வந்தவர்கள் யன்னல் பக்கம் வாருங்கள், அங்கே வெளிச்சம் நல்லாக இருக்கிறது. திகதியைப் பார்த்துப் பழையது கீழே, புதியது மேலே என்று அடுக்கி, உறை போட்டுத் தருகிறோம். பொலித்தீனும் மட்டையும் கொண்டு வந்திருக்கிறோம். படம் இல்லாதவர்கள் கிளினிக் கொப்பியைக் காட்டுங்கள், அடுத்த தவணை எப்போது என்று சேர்ந்து பார்ப்போம். கதிரையில் இருப்பவர்கள் எழும்ப வேண்டாம், நாங்களே உங்களிடம் வருகிறோம்.